ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

மாசி மாதம் கந்தோரில்
ஆளுக்கொரு கறுப்புப் பட்டி தந்தார்கள்.
றப்பர் வார், அடியில்
நெல்மணி அளவு பச்சை வெளிச்சம்.
சுகநலப் போட்டியாம்.
கூட நடக்கிற ஆளுக்கு
சோறு அவிக்கிற குக்கர்.

சிரித்தோம்.
அம்பகாமக் காட்டுக்குள்
ஒரு நாளில் ஒரு பாய் நீளம் நகர்ந்தால்
அது நல்ல நாள்.
வெடி தேடும் கருவி பிடிக்கிற ஆக்களுக்கு
மணிக்கட்டில் எதுவும் ஆகாது, கழற்றச் சொன்னார்கள்.
வறுகியால் கிண்டுகிற எங்களுக்குப் பரவாயில்லை.

முழங்காலில் குந்தி
வேர் நறுக்கி, மண்ணை வறுகி வறுகி இழுத்து,
வாளியில் அள்ளி,
பிறகுதான் சிவப்புத் தடி
ஒரு சாண் முன்னுக்குப் போகும்.
கவசத்துக்குள் வியர்வை
மூக்கு நுனியில் நின்று யோசிக்கும்.
விசில் அடித்தால் தண்ணி.

முதல் நாள் பின்னேரம்
சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன்:
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு அடி.
ஆறு கிலோமீற்றர் சொச்சம்.
"அடியேய், நீ மாங்குளச் சந்திக்குப் போய்
பிளேன்ரீ குடிச்சிட்டு வந்திருக்கிறாய்" எண்டாள் யசோதினி.

திரும்பித் தடியைப் பார்த்தேன்.
காலமை நட்ட இடத்துக்கும் அதுக்கும் நடுவில்
என் முழங்கை நீளம்.

கை இழுத்ததையெல்லாம்
கால் நடந்ததாக எழுதியிருக்கிறது அது.

பிறகு எல்லாரும் எல்லாருடையதையும் பார்க்கத் தொடங்கினோம்.
ஆம்புலன்ஸ் ஓட்டுகிற நேசராசா
சீற்றை விட்டு இறங்கவில்லை,
ஒட்டுசுட்டான் ரோட்டுக் கிடங்குகள்
அவருக்குப் பதினோராயிரம் போட்டன.
சமையல் புஷ்பகாந்தி தேங்காய் துருவி
நாலாயிரம்.
நித்திரை வராத பிள்ளைக்கு ஏணை ஆட்டி
என் தங்கச்சி ஒரே இரவில் எண்ணூறு
(பட்டியை நான்தான் கட்டிவிட்டேன், களவு).

ஸ்டோர் தவநிதி
இடது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்.
வீட்டிலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர்
சைக்கிளை உருட்டிக்கொண்டு வாறவள்,
சைக்கிள்தான் அவளுக்கு ஊன்றுகோல்.
கைபிடியைப் பிடித்த கை ஆடாது.
அவளுக்கு நாற்பத்தொன்று.

"இதில பாதி அந்தக் காலின்ர கணக்கு,
எனக்கு இருபதரைதான்" எண்டாள்,
பதிவேட்டில் வாளிகளை எண்ணி எழுதியபடி.
ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவளே சிரித்தாள்.
பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை.

ஞாயிறு நான் வாயால் எண்ணிப் பார்த்தேன்.
குழாய்க் கிணத்துக்கு வெறுங்கையாகப் போக
நூற்றுப் பதினெட்டு. பட்டி சொன்னது நூற்றுப் பன்னிரண்டு.
பரவாயில்லை, ஆறு அடி யாரும் தவறவிடலாம்.
இடுப்பில் குடம், விளிம்பில் கை,
அதே நூற்றுப் பதினெட்டில் திரும்பி வந்தேன்.
ஒன்பது என்றது.

சித்திரையில் அந்தக் காணி முடிந்தது.
கையளிக்கிற நாளில் வழக்கம் ஒன்று இருக்கிறது:
தேடிய ஆட்களே முதலில் நடந்து காட்ட வேண்டும்.
பதினாலு பேர்,
முழங்கைகளைக் கோத்துக்கொண்டு
வேலியிலிருந்து வேலிக்கு.
காணிக்காரி மங்களேஸ்வரி ரோட்டிலேயே நின்றாள்.
"அந்தப் பாலை மரத்து மூலை?" எண்டு கேட்டாள்.
அங்கேயும் போனோம்.
"மரத்துக்குப் பின்னால?"
பின்னாலும்.

வெளியே வந்து பார்த்தால்
போகும்போது மூவாயிரத்து இருநூற்றெட்டு.
வந்த பிறகும்
மூவாயிரத்து இருநூற்றெட்டு.

குக்கர் நேசராசாவுக்கு.

மங்களேஸ்வரி செருப்பைக் கழற்றி
ரோட்டோரம் சோடியாக வைத்தாள்.
சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து
உள்ளே இறங்கி
குதிக்கு முன்னால் விரல், விரலுக்கு முன்னால் குதி
என்று வைத்து வைத்துப் போனாள்.
முன்வாசல் வரப்போகிற இடத்தில் திரும்பினாள்.

அவள் கையில் எதுவும் இல்லை.
நாங்கள்தான் எண்ணினோம், சத்தமாக:
நீளம் இருபத்திரண்டு அடி,
அகலம் பதினாறு.