தொண்டி பஸ்ஸில் ஒரு பத்து ரூபாய்

என் தோல்பைச் சில்லறையை
விரலே பார்த்துக்கொள்ளும், கண் வேண்டாம்.
மீன்செதில் ஒட்டிய இரண்டு,
வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்த ஐந்து,
தேவிபட்டினத்தில் எவரோ சனிக்குக் கடலில் எறிந்து
எவரோ முங்கி எடுத்து
கறுத்துப்போய் பஸ் ஏறிவரும் ஒற்றை ரூபாய்.
சிங்கத்தின் முகம் மழுங்கி
பூனையாகிப் பல வருஷம்.

அன்று தொண்டியில் ஏறிய பையன்
அரை டிக்கெட்டுக்கு நீட்டிய பத்து
விரலைக் கடித்தது.
அப்படி ஒரு விளிம்பு.
மூன்று சிங்கத்துக்கும் பிடரி மயிர் தனித்தனியாக.
நனைந்த மாதிரி மினுக்கம்,
தொட்டால் காய்ந்திருந்தது.
பைக்குள் போட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் பஸ் ஸ்டாண்டில்
மருந்துக்கடை கலந்தர் நின்றிருந்தார்.
சட்டைப்பையில் லென்சு, கையில் வெள்ளைப் பருத்தி உறை.
"அச்சுச்சாலையிலிருந்து பெட்டியோட வந்ததுங்க.
வருஷத்துக்குக் கீழே வைரக்குறி.
மனுஷக் கை படாதது.
துடைச்சிடலையே?"

காசைத் துடைக்க எனக்கு ஏது நேரம்.
எஞ்சின் மூடி மேல் பையைக் கவிழ்த்தேன்.
முப்பத்தேழு பத்து ரூபாய்.
இந்தப் பக்கம் எந்தக் கடையும் வாங்காது, செல்லாதாம்.
அரசாங்கம் செல்லும் என்கிறது,
அதனால் அத்தனையும்
அரசாங்க பஸ்ஸில் ஏறிவிடுகின்றன.

எடுத்த எடுப்பில் கண்டுபிடித்தார்.
கொடுக்குள்ள நண்டைத் தூக்குவதுபோல்
விளிம்பில் மட்டும் பிடித்து
வெயிலுக்குச் சாய்த்தார். நெடுநேரம் பேசவில்லை.
"சாக்குல ஒண்ணோடொண்ணு மோதினாலே கழிச்சிருவாங்க.
இதுக்குத் தனிப் பொறுக்கு.
இந்தா, இந்தக் கோடு."
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
லென்சைத் தந்தார்.
ரூபாய்க் குறியின் குறுக்கே
மயிரிழையாய் ஒரு கீறல்.
என் பைக்குள் முப்பத்தாறில் எதுவோ செய்தது.

"இனி இது வெறும் பத்து ரூபாதான்."

அதற்கு முன் எவ்வளவு என்று
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உறையைக் கழற்றினார்.
கட்டைவிரலால் ஒருமுறை, அழுத்தி,
சிங்கங்களைத் தடவினார்,
பத்து வருஷமாய் அடக்கிய ஆசை போல.
பிறகு அதையே என்னிடம் நீட்டி,
"நம்புதாளைக்கு ஒண்ணு குடுங்க" என்றார்.
அங்கே அவருக்கு என்ன வேலை என்று தெரியாது.
ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

திருப்பாலைக்குடியில்
நண்டுக்கூடை ராக்குவுக்கு மிச்சம் கொடுத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இம்புட்டுப் பளபளப்பா? கள்ளக்காசு.
நாலு பேர் கை பட்டதா ஒண்ணு குடு."
தேய்ந்ததைக் கொடுத்தேன். முடிந்துகொண்டாள்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள்
பைக்குள் எது அது என்று
விரலுக்கே தெரியாமல் போயிற்று.
ஒருநாள் தேடிப் பார்த்தேன்,
வைரக்குறியோடு ஏழெட்டு கிடந்தன.

கலந்தரின் மகன் இப்போதும் ஏறுகிறான்.
இரண்டு ஐந்து, கணக்காக,
உள்ளங்கையில் வேர்த்துப்போய்.
தரும்போது
என் முகத்தைப் பார்ப்பதில்லை.