3ஏ எண் படகு

ஏரி என்கிறது நகராட்சிப் பலகை.
எங்களுக்கு அது குட்டை.
ஈயம் தோண்டியவர்கள் மூடாமல் போன பள்ளத்தை
மழை நிரப்பியது, அவ்வளவுதான்.

வடக்கே செம்பனை. தெற்கே நெடுஞ்சாலை இரைச்சல்.
கிழக்கு மேட்டில் கார் கழுவும் கடை.
மேற்கே வெள்ளை மணல் திட்டு,
புல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்ட நிலம்.
ஆழம் நான்கு மீட்டராம்.
சாவிக்கொத்து விழுந்த அன்று
இன்பநாதன் முப்பது முழக் கயிறு விட்டுப் பார்த்தான்.
கயிறு நனைந்தது.

என் பொறுப்பில் ஆறு அன்னப் படகுகள்,
மிதித்து ஓட்டுவது,
அரை மணிக்கு ஐந்து வெள்ளி.
நாலாம் எண்ணில் சீனர்கள் ஏறமாட்டார்கள் என்று
முதலாளி ஹோக் செங் அதை 3ஏ ஆக்கினார்.
அப்புறமும் யாரும் ஏறவில்லை.
அந்த அன்னத்துக்கு அலகு இல்லை.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம்
அதன் இருக்கைக்கு அடியில்
கோரையும் கிழிந்த ரொட்டிப் பையும் சேர்த்துக்
கூடு கட்டியிருந்தது ஒரு கானாங்கோழி.
ஐந்து முட்டை.
முட்டைக்கு ஒரு வெள்ளி,
அரை மணி வாடகை சரியாகப் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை.
தோமான் மீனுக்கு ரப்பர் தவளை வீசுகிறார்கள்.
பந்தலடியில் பிறந்தநாள், பொரித்த மீஹூன் வாசம்.
ஐந்து படகும் தண்ணீரில்.
"ஓரத்தில் ஒன்று சும்மா கிடக்கே அக்கா?"
"பெடல் பழுது."
"உள்ளே ஏதோ கத்துதே?"
"அதுதான் பழுது."

மாலையில் கல்லாவை எண்ணிவிட்டு
ஹோக் செங் ஸ்பேனரோடு வந்தார்.
ஒரு காலை உள்ளே வைத்தார்.
குவாக், குவாக் என்று கீழிருந்து ஒரே திட்டு.
வைத்த காலை எடுக்கவும் பயந்து
கொக்கு மாதிரி நின்றார்.

"எத்தனை நாள்?"
"மூணு வாரம் இருக்கும்."

பதில் சொல்லாமல் கடைக்குள் போனார்.
திரும்பி வந்த கையில் சிவப்புப் பெயின்ட்.
3ஏ-யை அடித்துவிட்டு
இரண்டு பக்கமும்
பெரிதாக, தடித்து, 4 என்று எழுதினார்.

இருபத்தோராம் நாள்
கரிக்கட்டித் துண்டுகளாய்
தொப் தொப்பென்று தண்ணீரில் குதித்தன.
எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.
நாலுதான்.

மணல் திட்டில் நீருடும்பு
வெயிலுக்கு வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது,
பசியாறிவிட்ட நிதானத்தில்.

நான் விசிலை எடுத்தேன்.
இரண்டாம் நம்பர், நேரமாச்சு,
கரைக்கு வாங்க.