வலது கால்

கச்சான் அடித்தால் டவர் தலையாட்டும் என்பாள் சுலைகா.
டவர் ஆடாது, தெரியும்.
ஆனாலும் இரண்டு கோடு ஒன்றாகி
ஒன்று வட்டமாகிச் சுற்றுகிறது
சின்ன ஏர்வாடிப் பள்ளியின் ஒன்பதாவது லேப்டாப்பில்.

அம்மாவின் இடது பாதம் உள்ளே இருக்கிறது.
சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் தூக்கல்,
பாசி பறிக்கையில் பாறை அங்கேதான் கிழிக்கும்.
இப்போது அவள் கட்டிக்கொண்டு இறங்குவது
அலுமினியத் தட்டு; நாலு துளை, ரப்பர் வார்.

"மேகத்தில் சேமிக்கப்படுகிறது" என்கிறது திரை.
எங்கள் ஊர் மேகத்தை எனக்குத் தெரியும்.
ஐப்பசியில்கூட
உப்பளத்துக்கு மேலே நின்று யோசித்துவிட்டு
இலங்கைப் பக்கம் போய்விடும்.

சுலைகாவின் போனில் நாற்பது எம்.பி. மிச்சம்.
வலது காலை வரையவே வேண்டாம்,
மிரர் என்று ஒரு பொத்தான்.
அழுத்தினேன்.
இணைப்பு இல்லை.
அழுத்தினேன்.
வட்டம்.
பூட்டும் சாவியுமாய் வாசலில் டார்வின் சார்.

சுலைகா திரைமேல் ரெக்கார்டு தாளை வைத்தாள்.
வெளிச்சத்தில் தெரிந்த பாதத்தை ஒற்றி எடுத்தாள்,
ஸ்கேல் வைத்துப் பார்த்தாள், இருபத்து மூன்று சென்டிமீட்டர், சரி.
கத்தரித்தாள்.
இன்னொரு தாளின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டு
சுற்றி வரைந்தாள்.
"இந்தா ஒன் மிரரு."

சாயங்காலம் அம்மா
ஈரக் காலோடு ஏறி நின்றாள்.
இடது பொருந்தியது.
"இதுல சுண்டுவெரல் வெளிய நிக்குதுடி."

போன பங்குனியில் பாறை கிழித்த விரல்.
வளைந்தே ஆறியிருக்கிறது.
அளவெடுத்த அன்று
நான் ஒரு காலைத்தான் கேட்டேன்.