ஏகமனதாக

ஆல்பேட்டை துளசி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின்
ஆண்டுக் கூட்டம், பால்வாடிக் கட்டடத்தில்,
பத்து மணி என்று போட்டு
பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது.
குழந்தைகள் நாற்காலியில்
முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

பொருள் ஒன்று: இரங்கல்.
செயலாளர் என்பதால் நான்தான் வாசிக்கவேண்டும்.
பெயர், கதவு எண், தேதி.
பதிவேட்டில் அதற்கு மேல் கட்டம் இல்லை.

ரெஜினாமேரி, பதினேழு பை இரண்டு.
பெரியாஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர்.
ஊருக்குப் போகிற எல்லாரும் சாவியை
அவர் வீட்டு ஆணியில்தான் மாட்டிவிட்டுப் போவோம்.
காரியம் முடிந்து அவர் மகன்
ஒரு பிளாஸ்டிக் பையில் ஒன்பது சாவி கொண்டுவந்து கொடுத்தான்.
ஐந்துக்குப் பூட்டு கிடைத்தது.
மீதி நாலும் எந்தக் கதவென்று
அவருக்குத்தான் தெரியும்.

ஜைனுலாபுதீன், நாற்பத்தொன்று.
துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்த்தவர்.
பெண்ணையாறு தெருவுக்குள் வந்த இரவு
டிராக்டர் டியூபில் வைத்து
தெருவில் பாதிப்பேரை இழுத்துக் கரைசேர்த்தார்.
மறுவாரம் மின்கம்பத்தில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டு
‘இதுவரைக்கும்’ என்று மட்டும் எழுதினார்.
அந்தக் கோடு என் கழுத்துக்கு வருகிறது.
அவருக்கு நெற்றிக்கும் மேலே.
குள்ளமான மனுஷன்.

அங்கம்மாள் பெயருக்கு வந்ததும் நின்றேன்.
சந்தா கட்டியதில்லை. வீடு கிடையாது,
இஸ்திரி வண்டிதான்.
கதவு எண்ணுக்கான கட்டத்தில்
‘புங்கமரம்’ என்று எழுதியிருந்தேன்.
விதிப்படி வாசிக்கக் கூடாது.
யாராவது எழுந்து கேட்பார்களோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.
எல்லார் சட்டையும் கசங்கியிருந்தது.

அப்புறம் அஞ்சாபுலி, ஆறாம் நம்பர்.
நெல்லிக்குப்பம் ஆலையில் எடைமேடை குமாஸ்தா.
கரும்போடு வந்த மண்ணையும் கழித்து எழுதிய கை.
பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட
என் கணக்கை உட்கார்ந்தபடி ஒப்புக்கொண்டதில்லை.
தெருவிளக்குப் பல்புக்கு ரசீது எங்கே.
மோட்டார் ரிப்பேருக்கு வந்தவனுக்கு
ஒரு டீயா, இரண்டு டீயா.
வீடு தேடி வந்து என் மனைவியிடம் சொன்னார்:
“திருடன்னு சொல்லல தங்கச்சி,
கூட்டத் தெரியலன்னுதான் சொல்றேன்.”
போய்த் தொலையட்டும் இந்த ஆள் என்று
ஒரு தடவை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

எழுந்து நின்றோம். ஒரு நிமிட மௌனம்.
போன வருஷம் வரை அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.
கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து
அறுபதாவது நொடியில் ஒரு செருமல்.
நாற்பதிலேயே யாராவது உட்காரப்போனால்
“இன்னும் இருபது பாக்கி” என்பார்,
செத்தவனுக்குச் சேரவேண்டிய பணம் மாதிரி.

செருமல் வரவில்லை.
நின்றோம்.
புதுச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பாலம் ஏறியது.
சுவரில் அ அம்மா, ஆ ஆடு.
குலோத்துங்கன் சார் ஒரு காலிலிருந்து
மறுகாலுக்கு மாறிக்கொண்டார்.
முதலில் உட்கார யாருக்கும் தெரியவில்லை.
மிக்சர் தட்டோடு வந்த பையன்
வாசலிலேயே நின்றுவிட்டான்.
எவ்வளவு நேரம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பொருள் இரண்டு: வரவு செலவு.
வாசித்து முடித்து, பழக்கத்தில்,
மூன்றாவது வரிசை ஜன்னலோரம் பார்த்தேன்.
மஞ்சள் நாற்காலி. அதில் யாருடையதோ ஹெல்மெட்.
ஏகமனதாக நிறைவேறியது.
சங்கம் தொடங்கியதிலிருந்து இதுதான் முதல்முறை.
யாரோ கைகூடத் தட்டினார்கள்.

ராத்திரி நோட்டை எடுத்துத் திரும்பக் கூட்டினேன்.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
பதினோரு ரூபாய் இடிக்கிறது.
பேனாவைத் திறந்தேன்.
மூடி வைத்தேன்.

அண்ணே,
கேளுங்க.