நலம் விரும்பி

நோட்டு இப்போது கியூ பிராஞ்சில் இருக்கிறது.
எண்பது பக்கம், கோடு போட்டது,
மேலூரில் வாங்கியது.
முதல் பக்கத்துப் பிள்ளையார் சுழிக்கும்
விளக்கம் கேட்டார்கள்.

பி.காம். படித்தவள் என்று
பதினொரு ஊரும் கணக்கை என்னிடம் தந்தது.
அரிசி இருபத்தாறு மூட்டை.
பூசணி, வெள்ளைக்கண்ணு கொடுத்தது, விலை இல்லை.
சீரகம் கால் கிலோ.
மச்சக்காளை மகளின் தோட்டை அடகு வைத்த சீட்டு.
அதை மட்டும் எழுதாதே என்றார்,
வீட்டில் தெரியாது.

முப்பத்தொன்பது நாள்
குவாரிச் சாலை எங்கள் கையில் இருந்தது.
தாசில்தார் ஜீப் கால்வாய்ப் பாலத்தோடு திரும்பியது.
வி.ஏ.ஓ. ஆபீஸ் பூட்டின் மேல் எங்கள் பூட்டு.
பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது.
ஒரு கல் கப்பலேறினால் ஆறு லட்சம்.
அறுக்கிறவனுக்கு நாள் கூலி நானூற்று இருபது.
அந்த ஒரு கல்லுக்கு
அவன் ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டரை நாள் நிற்க வேண்டும்,
பொங்கல், தீபாவளி பாராமல்.
கம்மாயோ கழிவுக்கல் கொட்டி
மடை இருந்த இடம் தெரியாமல் கிடந்தது.
இந்தக் கணக்கை முதலில் போட்டுச் சொன்னவள் நான்.
சொன்ன ராத்திரி யாரும் தூங்கவில்லை.

பதினேழாம் நாள் ஒருவர் வந்தார்.
டவுன்ஹால் ரோட்டு லாட்ஜில் தங்கியிருப்பதாகச் சொன்னார்.
ஏதோ டிரஸ்ட்.
பிரிக்காத அட்டைப்பெட்டியில் வாக்கிடாக்கி எட்டு.
மழைக்குத் தார்ப்பாய்.
பெட்டி ஓரத்தில் எழுத்து,
இங்கிலீஷும் இல்லை, இந்தியும் இல்லை.
பிறகு ரப்பர் பேண்டு போட்ட நான்கு கட்டு.
யார் பேரில் வரவு வைக்க?
"நலம் விரும்பின்னு போட்டுக்கங்கம்மா."
போட்டேன்.

ஏன் விசாரிக்கவில்லை என்கிறார் இன்ஸ்பெக்டர்.
விசாரித்திருக்கலாம்.
இரண்டு நாளாய் கஞ்சி மட்டும்தான் ஐயா,
பிள்ளைகளுக்குக்கூட.

அதன்பிறகு கூட்டத்தில்
எந்த ஊர் என்று சொல்லாத பையன்கள் உட்கார்ந்தார்கள்.
நன்றாகப் பேசினார்கள்.
எங்களைவிட நன்றாக.
முப்பத்தெட்டாம் ராத்திரி வெடிமருந்து கிட்டங்கி எரிந்தது.
எங்களில் யாரும் வைக்கவில்லை.
விடியும்போது அந்தப் பையன்கள் இல்லை,
போலீஸ் இருந்தது.

மச்சக்காளை விழுந்து கிடந்த ஓடையோரம்
அவர் கையில் வாக்கிடாக்கி கேட்டுக்கொண்டே இருந்ததாம்:
எங்க இருக்கீக, எங்க இருக்கீக.
அந்தக் குரல் என்னுடையது.

அன்னியக் கை என்கிறார் இன்ஸ்பெக்டர்.
கை அன்னியம், வயிறு எங்களுடையது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
கேட்க அழகாக இருந்தது.
அதனாலேயே சொல்லவில்லை.
தோட்டுச் சீட்டு மட்டும் திருப்பிக் கிடைக்குமா என்று கேட்டேன்.
அது சாட்சிப் பொருளாம்.

எட்டு மாதம் கழித்து
பழைய கம்பெனி குத்தகையை விட்டுப் போனது.
புதுசு வந்தது.
கூலி நானூற்று முப்பது.
பாலத்தடியில் நட்ட போர்டில்
தமிழுக்குக் கீழே அந்தப் பெட்டி ஓரத்து எழுத்து.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
வடிவம் தெரியும்.
பஸ்ஸைவிட்டு இறங்கிப் போய்
விரலால் தடவிப் பார்த்தேன்,
பெயின்ட் காயவில்லை.

முதல் லாரியில் ஏறியது
நாங்கள் முப்பத்தொன்பது நாள் குந்தியிருந்த கல்.
வெள்ளை பெயின்டில் அறுநூற்றுப் பதினான்கு.
அதன் மேல்தான் காய் நறுக்கினோம்,
மசாலா அரைத்துக் கொட்டினோம்,
மச்சக்காளை மதியம் துண்டை விரித்துப் படுத்தார்.
மூலையில் இன்னும் மஞ்சள் கறை.
நான் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து
கிளீனர் பையன் சொன்னான்,
பாலிஷ் போட்டாப் போயிரும்க்கா.