நூற்றிப்பத்துக் கிலோ வரை

கம்பியில் தொங்கிப் போக
நூற்றிப்பத்துக் கிலோ வரைதானாம்.
களுதாவளைச் சந்தையில்
மிளகாய் மூட்டை நிறுக்கிற தராசில்
ஒவ்வொருவராய் ஏறி இறங்கினார்கள்.
அத்தான் தொண்ணூற்றாறு.
'பொக்கற்றில போன் கிடந்தது' என்றார்.
யதுஷிக்கு உயரம் இரண்டு விரல் குறைவு;
கொண்டையை உச்சியில் முடிந்து பார்த்தாள்.

வேன் அஞ்சரைக்கு.
சோற்றுப் பார்சல் ஒன்பது, சத்திக் குளிசை,
பாவாடை ஒருத்தரும் உடுக்கக் கூடாது,
அம்பாறை றோட்டில் யானை நின்றால்
லைற்றை அணைத்துவிட்டு இருக்க வேணும்.

மரத்துக்குக் கீழே
செருப்புகளுக்குக் காவல் ஆர்?
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

உப்பு வாங்க மறந்ததாய்ச் சொல்லி
நேற்றே திரும்பிப் போய்
அந்தத் தராசில் ஏறிவிட்டேன்.
அறுபத்தெட்டு.
உள்ளங்கையில் எழுதி வைத்தது
வியர்வையில் எட்டு மட்டும் கரைந்து கிடக்கிறது.

'மறுகா பார்ப்பம்' என்கிறேன்,
கையைப் பொத்திக்கொண்டு.