செல்லாதவை பதினான்கு

பேச்செல்லாம் அவளுடையது, ரசீதெல்லாம் என்னுடையது.
சிக்னி தோர்வால்ட்சனின் தேர்தல் கணக்கை
ஐந்து முறை எழுதியவன் நான்.
கூட்டிக் கழித்துத்தான் சொல்ல வரும் எனக்கு.

வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரை, மீன் எடைபோடும் கொட்டகை.
பன்னிரண்டு வருஷம் தராசுக்குப் பின்னால் நின்றாள்.
விறைத்த விரலோடு அவர்கள் கிறுக்கிய சீட்டுகளை
ஆணியில் குத்திக் குத்தி வைத்தாள்.
திடீரென்று ஒரு நாள்,
"போய்ச்சுக், உன் வேன் ஓடுமா?" என்றாள்.

ஓடியது. ஹீட்டர் மட்டும் ஓடவில்லை.
தொகுதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எட்டு மணி நேரம்.
மூன்றாம் இடம். டெபாசிட் காலி.
"இருநூறு டாலர்," என்றேன்.
"இருநூறுக்கு இத்தனை அடுக்களையில்
யார் நம்மைக் காப்பி குடிக்கவிடுவார்கள்?"

ஒட்டாவாவில் ஆட்சி கவிழ்ந்தது, மறுதேர்தல் பிப்ரவரியில்.
லாரி போகுமளவு ஏரி இறுகிக் கிடந்தது.
பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டவர்களின்
ஒட்டுப்பலகைக் குடில்களுக்கு நடந்தே போனோம்.
கதவைத் தட்டினால் யாரும் திரும்புவதில்லை,
கண் துளையில், காது அவளிடம்.
பில்லி ஸ்பென்ஸ் கேட்டான்:
"நீ ஜெயித்தால் படகுத்துறை வருமா?"
"தெரியாது," என்றாள்.
அந்தப் பதிலை அதுவரை எந்த வேட்பாளரும் சொன்னதில்லை.
அவன் வீட்டில் ஏழு ஓட்டு.
ஆனாலும் இரண்டாம் இடம்தான்.

மூன்றாம் முறை இருநூற்றுப் பதினோரு ஓட்டில் வென்றாள்.
கன்னிப்பேச்சு நான்கு நிமிடம், படகுத்துறை பற்றி.
வலைக்கண்ணின் அளவை அவள் சொன்ன இடத்தில்
அவைக்குறிப்பு (சிரிப்பு) என்கிறது.
துறை வந்தது, ஆறு வருஷம் கழித்து.
ரிப்பனை வெட்டியவர் ஒரு மந்திரி.
கத்தரிக்கோல் எங்கள் கணக்கில்.

நான்காம் முறை நாலாயிரம் வித்தியாசம்.
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் வடக்கே போகும் தண்டவாளத்தைப்
பெயர்த்துவிடும் மசோதா வந்தது. அவள் கட்சியின் மசோதா.
கொறடா தன் அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்.
இரண்டாம் கோப்பைக்கு அவள் இருக்கவில்லை.
எதிர்ப்பவர்கள் எழுக என்றபோது
அந்த நீண்ட வரிசையில் ஒரே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
மறுநாள் அவள் இருக்கை
திரைச்சீலை ஓரத்தில், கடைசியில்.

ஐந்தாம் முறை சுயேச்சை.
பழைய பலகைகளைத் திருப்பிப் போட்டு
மிச்சமிருந்த படகுச் சாயத்தில் அவள் பெயரை எழுதினோம்.
இனாமாக வந்த சாயத்துக்கும் சந்தை விலை போட்டுக் காட்டினேன்.
ஒன்பது ஓட்டில் தோற்றாள்.

நீதிபதி முன் மறுஎண்ணிக்கை. மூன்றாம் நாள் மதியம்
ஒரு மேசையில் பதினான்கு சீட்டுகள் தனியே கிடந்தன.
எல்லாவற்றிலும் பெருக்கல் குறி சரியாக அவள் வட்டத்துக்குள்.
குறிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சொல்.
'தக்' என்று ஐஸ்லாந்துக்காரர்கள்.
'த்யாகுயு' என்று என் உக்ரைன் ஜனம்.
'கினனாஸ்கொமிதின்' என்று கிரீ மொழியில் ஆறு பேர்.
நன்றிதான், மூன்று விதமாக.
ஒன்றில் சொல்லே இல்லை,
ஒரு மீன், வாயில் கொக்கியோடு.

ஆளைக் காட்டிக்கொடுக்கும் எழுத்திருந்தால்
சீட்டு செல்லாது, அது சட்டம்.
நன்றி யாரைக் காட்டிக்கொடுக்கும் என்றார் எங்கள் வக்கீல்.
நீதிபதி அபர்நெதி தலையை லேசாக ஆட்டினார்.
எதிர்த்தரப்பு வக்கீல் இளைஞன்,
அவன் சிக்னியைப் பார்த்துக் கேட்டான்:
"இது யார் யார் எழுதியதென்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்ற சொல்
அவளுக்குப் பழக்கமான சொல்தான்.
நான் ரசீதுப் புத்தகத்தை மூடினேன்.
அவள் மேசையைச் சுற்றி நடந்தாள்.
ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தாள்,
கொட்டகையில் எடையைச் சரிபார்ப்பதைப் போல.
மீனிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.
"தெரியும்," என்றாள். "பெயர் சொல்லமாட்டேன்."

வேனில் திரும்பும்போது நான் பேசவில்லை.
அவள்தான் ஒருமுறை,
"பில்லி துடுப்பைத் தப்பாக வரைந்திருக்கிறான்," என்றாள்.

கணக்கில் மிச்சம் முப்பத்தோரு டாலர் நாற்பது காசு.
சுயேச்சையின் மிச்சம் அரசுக்கே சேரவேண்டும்.
அனுப்பினேன்.
ரசீது வந்தது. ஒட்டி வைத்திருக்கிறேன்.